இராமலிங்க ஆசாரியின் நெஞ்சும் வெள்ளித் தாயத்தும்

பேகோபுரத் தெருவில் சாந்த் பாஷாவின் பாத்திரக் கடையைத் தாண்டியதும் ஒரு சிறிய வெள்ளிப் பட்டறை வரும். உள்ளே மணைப்பலகையில் அமர்ந்து, குனிந்த தலை நிமிராமல் வேலை செய்பவர் இராமலிங்க ஆசாரி. பிள்ளைகளுக்குத் தண்டை, காப்பு, அரைஞாண், இவற்றோடு தாயத்து. பெரியவர்களுக்கு நகை செய்ய ஊரில் எத்தனையோ பேர் உண்டு. பேசத் தெரியாத வாடிக்கையாளர்களே தமக்குப் போதும் என்பார் அவர்.

தாயத்து என்றால் மந்திரத் தகடு அடைத்தது அன்று. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து தானே விழுந்ததும், அதனை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்து, விரல்நுனி அளவான வெள்ளிக் குழலுக்குள் இட்டு, வாயை அரக்கால் அடைத்து, இடுப்புக் கயிற்றில் கோத்துக் கட்டுவது இப்பக்கத்துக் குடும்பங்களின் வழக்கம். அந்தக் குழலின் பொருத்துவாயில் ஒட்டுப்பொடி வைத்து, விளக்குச் சுடரை ஊதுகுழலால் வளைத்து அதன்மேல் பாய்ச்சும்போதுதான் ஆசாரியின் கைவண்ணம் தெரியும். எரிவாயு ஊதி வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆயினும் தாயத்துக்கு மட்டும் அவர் வாயால்தான் ஊதுவார். இயந்திரத்தின் காற்றுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாதாம். பொடி உருகும் நொடியில் தம் மூச்சு தானே அடங்கிவிடுமாம்.

இப்படியிருக்க, ஒருநாள் அவர் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. தொப்புள்கொடியில் இருப்பது ஸ்டெம் செல். அது எந்த உறுப்பாகவும் மாற வல்லது. அதை அறிந்தே நம் முன்னோர் தாயத்தில் சேமித்து வைத்தனர். பிற்காலத்தில் நோய் வந்தால் அதைக் கொண்டே தீர்த்துக்கொண்டனர் என்று அச்செய்தி அடித்துச் சொல்லிற்று. படித்த ஆசாரிக்கு மெய் சிலிர்த்தது. இத்தனை காலமும் தாம் வெறும் அணிகலன் செய்ததாக எண்ணியிருக்க, செய்ததெல்லாம் மருந்துச் செப்பு என்றல்லவா ஆயிற்று! மறுவாரமே பட்டறை வாயிலில் ஒரு பலகை ஏறியது: “முன்னோர் கண்ட ஸ்டெம் செல் தாயத்து இங்கே செய்து தரப்படும்.”

“ஆசாரியாரே, ஆஸ்பத்திரிய இழுத்து மூடிட்டு டாக்டருங்க எல்லாம் உங்ககிட்ட வேலைக்கு வந்துடுவாங்க போலகீதே” என்றார் சாந்த் பாஷா. இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் தலை நரைத்தவர்கள். ஒருவரையொருவர் சீண்டாத நாளில் இருவருக்கும் வியாபாரம் ஓடாது.

ஆவணி மாதத்தில் ஒரு காலைப்பொழுது. தண்டை ஒன்றுக்குச் சுடர் ஊதிக்கொண்டிருந்த ஆசாரிக்கு மார்பின் நடுவே யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவது போலிருந்தது. வாயு என்று நினைத்தார். சாந்த் பாஷாவும் வாயு என்றே நினைத்து, தம் கடைப் படியில் உட்கார வைத்து ஒரு கோலி சோடா உடைத்துக் கொடுத்தார். சோடா குடித்தும் அழுத்தம் விடவில்லை. தாடை வலித்தது, சட்டை வியர்வையில் நனைந்தது. அப்போதுதான் பாஷாவுக்குத் திக்கென்றது. ஆசாரியைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி, வழி நெடுக ஓட்டுநரை விரட்டியபடி பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார்.

அன்றே இரத்தக் குழாயின் அடைப்பைத் திறந்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது. ஆனால் இதயத்தின் முன்சுவர் அடிபட்டிருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் நிறைந்த இரத்தத்தில் நூற்றுக்கு அறுபது பங்கை உந்தித் தள்ள வேண்டிய இதயம், முப்பத்தைந்து தள்ளுவதற்கே திணறிக்கொண்டிருந்தது.

இதய மருத்துவர் ஆர்த்தி இளம்வயதுப் பெண். ஒளித்துப் பேசத் தெரியாதவர். மூன்று மாதம் மருந்தும் நடையும் ஒழுங்காக இருக்க வேண்டும், பிறகு இதயத்தை மீண்டும் படமெடுத்துப் பார்ப்போம் என்றார். அப்போதும் இதே அளவில் நின்றால் துடிப்பு தடுமாறினால் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவி ஒன்றைக் கழுத்தெலும்பின் கீழே பொருத்த வேண்டியிருக்கும். பட்டறையை மறந்துவிட வேண்டியதுதான். படமெடுக்கும் வரை ஊதுகுழலைத் தொடவே கூடாது.

கருவி என்றபோது ஆசாரி கலங்கவில்லை. ஊதுகுழல் என்றதும் முகம் கறுத்துவிட்டது. அவருடைய ஒரே மகள் இனியாவுக்குப் புரட்டாசியில் பேறுகாலம். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் அண்ணாமலையார் சன்னிதிக்கு எடுத்துச் செல்லும் நாளில் தாயத்துக் கட்ட வேண்டும். அதை அம்மாவழித் தாத்தாதான் கொடுக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊதியவர் தம் மகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஊதாமல் இருப்பதா? கருவி வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும், கடை வேண்டுமானால் மூடிக் கிடக்கட்டும், அந்த ஒரு தாயத்தை மட்டும் தம் மூச்சால் முடித்துவிட வேண்டும் என்பதே அவருக்கு இப்போது உலகத்தில் இருந்த ஒரே ஆசை.

அதற்கு வழியும் அவர் கையில் இருப்பதாகவே நம்பினார். சிகிச்சையின்போது செவிலி அவிழ்த்துக் கொடுத்த அவருடைய அரைஞாணும் தாயத்தும் மனைவி ரேவதியின் முந்தானையில் பத்திரமாக இருந்தன. அவருடைய அம்மாவழித் தாத்தா செய்து, அவர் பிறந்த காலத்தில் இடுப்பில் கட்டியது அந்தத் தாயத்து. மருத்துவர் வரும் வேளை பார்த்து, மனைவியின் கொண்டை ஊசியால் அரக்கைப் பெயர்த்து, உள்ளிருந்ததை உள்ளங்கையில் தட்டினார். காய்ந்த கிராம்பு போன்று ஏதோ ஒன்று விழுந்தது.

“டாக்டரம்மா, என்னோட ஸ்டெம் செல்லு. அம்பத்தாறு வருஷமா பத்திரமா வெச்சிருக்கேன். இதை எடுத்து நெஞ்சுல வெச்சு சரி பண்ணிடுங்க” என்றார், கடனைத் தீர்க்க வந்தவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்து.

ரேவதி வெட்கத்தில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் மருத்துவர் சிரிக்கவில்லை. அதை வாங்கித் தம் கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தார்.

“ஐயா, விதைநெல்லும் சோறும் ஒரே நெல்லுலருந்து வந்ததுதானே? சோத்தை வயல்ல தூவினா நாத்து வருமா?”

“எப்படி வரும்?”

“அந்த மாதிரிதாங்க இது. காஞ்ச அன்னிக்கே இதுல இருந்த செல்லு எல்லாம் செத்துப்போச்சு. புள்ள பொறந்த உடனே கொடியில ஓடற ரத்தத்தை எடுத்து, பனிக்கட்டியைவிட எவ்வளவோ ஜாஸ்தி குளிர்ல வெச்சாத்தான் அது உயிரோட இருக்கும்.”

ஆசாரி விடவில்லை. அப்படி உயிரோடு எடுத்து வைத்ததை நெஞ்சில் செலுத்தினால் ஆறுமா என்று கேட்டார். மருத்துவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தே விடை சொன்னார். பல நாடுகளில் அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். எலும்பு மச்சையிலிருந்து எடுத்த உயிரணுக்களை அடிபட்ட இதயத்தில் செலுத்தினார்கள். பெரும்பாலானவை அங்கே தங்கவில்லை. தங்கிய சிலவும் புதிய இதயத் தசையாக மாறியதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. பக்கத்து அணுக்களுக்கு அவை ஏதோ தெம்பூட்டும் குறிப்பு அனுப்பக்கூடும் என்று சிலர் கருதுகிறார்கள். ஆராய்ச்சி நடக்கிறது; நம்பிக் கொடுக்கும் மருந்தாக இன்னும் கைக்கு வரவில்லை. உடம்பில் கோடு போட்ட ஒரு சிறு மீன் உண்டு. அதன் இதயத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தாலும் திரும்ப வளர்ந்துவிடும். மனித இதயமும் புதிய தசையணுக்களைப் பிறப்பிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஓர் ஆண்டு முழுவதும் சேர்ந்தாலும் நூற்றில் ஒன்று தேறாது. ஆகவே செத்த இடத்தில் தழும்புதான் வரும்.

“பேசாம அந்த மீனாப் பொறந்திருக்கலாம்” என்று பெருமூச்செறிந்தார் ஆசாரி.

“மீனாப் பொறந்திருந்தா தண்ணிக்குள்ள எப்படிங்க ஊதுகுழல் ஊதுவீங்க?”

ரேவதி சன்னலோடு பேசுபவள்போல் சிரித்தாள். மருத்துவர் எழுந்தார், ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணு சொல்றேன், அதை நம்புங்க. செத்த தசை வேற, மயங்கிக் கிடக்கற தசை வேற. ரத்தம் நின்னப்போ கொஞ்சம் செத்துது, கொஞ்சம் மயங்கிடுச்சு. இப்போ ரத்தம் போகுது. மயங்கினது மெல்ல மெல்ல எழுந்துக்கும். எவ்வளவு செத்துது, எவ்வளவு மயங்குச்சுன்னு இன்னிக்கு எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. கார்த்திகையில பார்ப்போம்.”

தாயத்தைத் திருப்பிக் கொடுத்தபோது இரு கையாலும் கொடுத்தார். அது ஆசாரிக்குப் பிடித்திருந்தது. என்றாலும் வீடு திரும்பிய பின், மயங்கியது எத்தனை, மாண்டது எத்தனை என்ற ஒரே கணக்கு மனத்தில் உழன்றது. ரேவதி மாத்திரைகளை வேளை தவறாமல் நீட்டுவாள். ஊறுகாய்ச் சாடியை அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நாள்தோறும் மாற்றி வைப்பாள். கடையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கலாம், கருவிகளைத் தொடக் கூடாது என்பது உடன்பாடு. வாயிற்பலகையைக் கழற்ற வேண்டும் என்று நினைப்பார். நினைத்தவுடன் பாஷா என்ன சொல்லிச் சிரிப்பாரோ என்ற எண்ணம் வரும். உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடுவார்.

அப்படித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த நாள்களில் ஒரு காலை, அடி அண்ணாமலையிலிருந்து ஆராயி வந்தாள். கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை வைத்திருப்பவள். அவள் மகன் வல்லரசு பிறந்தபோது தாயத்துச் செய்து கொடுத்தவர் ஆசாரிதான். அந்தத் தாயத்தையே இப்போது வேலைப்பலகைமேல் வைத்தாள்.

“ணா, இதோட வாயை மட்டும் தொறந்து குடுங்க. தேன்ல குழைச்சுக் குடுக்கணும்.”

யாருக்கு என்று கேட்டார் ஆசாரி.

“எங்க வூட்டுக்காரருக்குத்தான். விடிஞ்சதுலருந்து நெஞ்சு மேல கல்லு வெச்ச மாதிரிகீதுன்றாரு. இடது கை வேற நோவுதாம். வல்லரசு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னான். நான்தான், இன்னாத்துக்குடா, ஆசாரியே போர்டு போட்டுகீறாரு, உன்னோட கொடி இருக்கச்சொல்ல உங்கப்பனுக்கு இன்னா கொறைன்னு இட்டாந்துட்டேன்.”

ஆசாரி எட்டிப் பார்த்தார். வெளியே நின்ற ஆட்டோவிலிருந்து இறங்கி, பாஷாவின் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார் ஆராயியின் கணவர் ராமதாஸ். கட்டடம் கட்டும் கொத்தனார், மலைபோன்ற உடம்பு. நெற்றியெல்லாம் வியர்வை. கையில் கோலி சோடா.

“ஆராயி, அந்த போர்டு தப்பு” என்றார் ஆசாரி. “நம்பித்தான் எழுதினேன். ஆனா தப்பு. இதுக்குள்ள மருந்து இல்லம்மா. இது காஞ்சுபோன கொடி, அவ்ளோதான். என்னோடதை நானே தொறந்து டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தேன். கெளம்பு.”

ஆராயி நம்புவதா வேண்டாமா என்று விழித்தாள். ராமதாஸோ தமக்கு ஒன்றுமே இல்லை, ஒரு ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்றார். ஆசாரி அவர் அருகில் போய்ச் சோடாவைப் பிடுங்கி வைத்தார்.

“நானும் இதே படியில குந்திக்கினு, இதே சோடாவைக் குடிச்சிட்டு, இதேதான்யா சொன்னேன். பாய், இனிமே நெஞ்சு நோவுதுன்னு வர்றவனுக்கு சோடா குடுத்தீங்கன்னா உங்க கடையைக் கொளுத்திடுவேன்.”

சாந்த் பாஷா ராமதாஸின் ஒரு தோளைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார். ரேவதி உள்ளேயிருந்து ஓடி வந்து தடுப்பதற்குள் ஆசாரியும் ஏறி அமர்ந்துவிட்டார். வழியெல்லாம் ராமதாஸின் கையைப் பிடித்திருந்தார். போக்குவரத்து நின்ற இடங்களில் தாமே தலையை நீட்டி வழி கேட்டார். தம் நெஞ்சைப் பற்றி அன்று அவருக்கு ஒருமுறைகூட நினைவு வரவில்லை.

சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். தாமதம் குறைவாக இருந்ததால் ராமதாஸின் இதயத்தில் சேதம் கொஞ்சந்தான். இரண்டாம் நாள் பார்க்கப் போன ஆசாரியை, கட்டிலில் சாய்ந்திருந்த கொத்தனார் ஏற இறங்கப் பார்த்து, உங்கள் பலகையைப் படிக்கத் தெரியாதவளாக ஒருத்தியை நான் கட்டியிருக்கக் கூடாதா என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆராயி அவர் வாயில் ஆரஞ்சுச் சுளையை அடைத்துப் பேச்சை நிறுத்தினாள்.

அன்று மாலையே பலகை இறங்கிற்று. ஏணி வைத்துக் கழற்றியவர் பாஷா. ஆசாரி அஞ்சியபடி அவர் சிரிக்கவில்லை. பலகை நல்ல தேக்கு என்று மட்டும் சொல்லி எடுத்துப் போனார். மறுநாள் அதன் பின்புறத்தில் “எவர்சில்வர் குடம் தள்ளுபடி” என்று எழுதித் தம் கடை வாயிலில் மாட்டியிருந்தார்.

அதன்பின் ஆசாரியின் காலைகள் மாறின. கூட்டமில்லாத நாள்களில் கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் நடப்பார். வாரந்தோறும் சற்றுக் கூட்டிக்கொள்வார். ராமதாஸும் எழுந்து நடமாடத் தொடங்கிய பின் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். தேர்வு எழுதிய மாணவர்கள்போல் தங்கள் இதயங்களின் மதிப்பெண்களை ஒப்பிட்டுக்கொள்வார்கள். கொத்தனாருடையது ஐம்பதுக்கு மேல். ஆகவே அவர் பேச்சில் ஒரு மிதப்பு இருக்கும்.

“முப்பத்தஞ்சுன்னா ஜஸ்ட் பாஸ் ஆசாரியாரே. ட்யூஷன் வேணும்னா சொல்லுங்க.”

“நீ மொதல்ல பீடிய உட்டுட்டு வந்து எனக்கு ட்யூஷன் எடு.”

கொத்தனார் பீடியை விட்டாரா இல்லையா என்பதை ஆராயி வாரம் ஒருமுறை அவர் சட்டைப் பையை முகர்ந்து பார்த்து அறிவித்தாள். பாதை வலப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் மலை வேறு வேறு வடிவம் காட்டியது. இவ்வளவு காலம் இதன் அடியில் குந்தியிருந்தும் நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று ஆசாரி அடிக்கடி நின்று கைகூப்புவார். நிற்பது பக்தியாலா, மூச்சு வாங்கியதாலா என்று ராமதாஸ் கேட்பார். இரண்டும்தான் என்பார்.

புரட்டாசியில் இனியாவுக்குப் பெண் பிறந்தது. கொடி காய்ந்து விழுந்தது. ரேவதி மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்தாள். மருமகன் சரவணகுமார் வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், நல்ல மனம் உடையவர். மாமா சிரமப்பட வேண்டாம், கடையில் அச்சில் வார்த்த தாயத்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஆசாரி வெள்ளித் தகட்டை மட்டும் வெட்டி, சுருட்டி, குழலாக்கி, கம்பியை வளையமாக்கி, ஒட்டுவதற்கு முந்திய நிலையில் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தார். அதைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லவில்லையே என்று ரேவதியிடம் வாதாடினார்.

கார்த்திகைத் தீபத்துக்கு வந்த கூட்டம் வடிந்த வாரத்தில் படமெடுக்கும் நாள் வந்தது. இருட்டறையில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்த ஆசாரியின் மார்பில் குளிர்ந்த களிம்பு தடவி, மருத்துவர் படக்கருவியை வைத்து அழுத்தினார். திரையில் சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று விரிந்து சுருங்கியது. மருத்துவர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். வாசலில் நின்ற ரேவதி தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் மருத்துவர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

“இந்தச் சுவரு அன்னிக்கு அசையவே இல்லைங்க. இப்போ பாருங்க.”

ஆசாரி பார்த்தார். முன்சுவர் உள்நோக்கி வந்து வந்து போயிற்று. அடிமுனையில் ஒரு சிறு பகுதி மட்டும் சும்மா இருந்தது.

“அந்தக் கோடி?”

“அது தழும்பு. அது திரும்ப வராதுங்க. ஆனா சுத்தி இருக்கறதெல்லாம் எழுந்துக்கிச்சு. மயங்கினதுதான் ஜாஸ்தி, செத்தது கம்மி. நாப்பத்தொம்பது இருக்கு. கருவி வேணாம்.”

ஆசாரிக்குக் கண் நிறைந்தது. ஆனாலும் முதலில் கேட்டது ஊதுகுழலைத்தான். மருத்துவர் யோசித்தார். முழு வேலைக்கும் ஊதக் கூடாது, எரிவாயு ஊதிக்கு மாறிவிடுங்கள் என்றார். ஆசாரி ஒப்புக்கொண்டு, ஒரு தாயத்துக்கு மட்டும் என்று இழுத்தார். மூச்சை அடக்கி முக்காமல், விட்டு விட்டு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஊதலாம் என்று இசைவு கிடைத்தது. மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு மட்டும் மருத்துவர் முறைத்தார்.

மறுநாள் காலை பட்டறையில் நல்ல கூட்டம். மகளும் மடியில் குழந்தையும் ஒருபுறம். பாஷாவும் ராமதாஸும் வாசலை அடைத்துக்கொண்டு மறுபுறம். சரவணகுமார் தயங்கிக் கேட்டார்: “இதுல ஒண்ணும் இல்லன்னு நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றீங்க. அப்புறம் எதுக்கு மாமா இவ்ளோ பாடு?”

ஆசாரி, ஒட்டுப்பொடி ஓட உதவும் வெண்காரக் குழம்பைப் பொருத்துவாயில் தடவியபடி சொன்னார்: “மருந்து இல்லன்னுதான் மாப்ளே சொன்னேன். இவளும் இவங்கம்மாவும் ஒரே உடம்பா இருந்தாங்கள்ல, அதுக்கு இதான் சாட்சி. அதைக் குப்பையில போடறதுக்கு எனக்கு மனசு வரல.”

பொடி வைத்தார். விளக்கை ஏற்றினார். ஊதுகுழலை உதட்டில் வைத்ததும் ரேவதி தன்னை அறியாமலே ஓரடி முன்வந்தாள். சுடர் வளைந்து கூர்மையாகி வெள்ளியைத் தொட்டது. நிறுத்தினார், மூச்சு வாங்கினார், மறுபடி ஊதினார். நெஞ்சில் அழுத்தம் இல்லை. வெள்ளி சிவந்தது. பொடி ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு நீர் ஓடுவதுபோல் பொருத்துவாய் முழுதும் பளிச்சென்று ஓடிப் பரவியது. ஒட்டிவிட்டது, இனிமேல் ஊத வேண்டிய தேவை சிறிதும் இல்லை.

ஆசாரி இன்னும் ஒருமுறை ஊதினார், வெறும் சந்தோஷத்துக்காக. ரேவதிக்கு அது தெரிந்துவிட்டது. “போதும், வைங்க கீழே” என்று குழலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.